எய்லர்டின் காலை மாத்திரை

உலகத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து வெளியே போக ஒரே ஒரு சாலைதான். மலைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கி நகரத்துக்குப் போகிறது. குளிர்காலத்தில் காற்று கிளம்பிவிட்டால் அந்தச் சாலையில் யாரும் தனியாகப் போக முடியாது. அடிவாரத்தில் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். கார்கள் அங்கே வரிசையாக நின்று காத்திருக்கும். பிறகு பனி தள்ளும் லாரி முன்னால் போகும், மற்றவர்கள் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். வானமும் தெரியாது, சாலையும் தெரியாது. லாரியின் முதுகில் சுழலும் மஞ்சள் விளக்கு மட்டும் தெரியும். அது திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும், அது நின்றால் நாமும் நிற்க வேண்டும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது லாரி ஓட்டும் எய்லர்டின் விளக்கு. என்னைப் பெற்றெடுக்க அம்மா மருத்துவமனைக்குப் போனதும் அந்த விளக்கின் பின்னால்தான். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் பிறந்தோம்.

அந்த எய்லர்டைப் பற்றிப் போன ஜனவரியில் ஊரில் ஒரு பேச்சு ஓடியது. மாத்திரைகளை அள்ளி விழுங்கிச் சாகப் பார்த்தார் என்று. யாரும் உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இப்போதும் சிலர் அதையே நம்புகிறார்கள்.

"நீதான் பள்ளிக்கூடம் முடிச்சிட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம சுத்திட்டிருக்கியே, உக்காந்து எழுது" என்றாள் அவருடைய மகள் இங்குன். "வாயால சொன்னா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கதை மாறுது."

எய்லர்டிடமும் கேட்டேன். "தாராளமா எழுது. ஆனா எனக்குத் தலைமுடி நிறைய இருந்துச்சுன்னு போட்டுடு" என்றார்.

அவருக்குத் தலைமுடி கிடையாது. நல்ல உயரம். லாரியில் குனிந்து ஏறியே முதுகு சற்று வளைந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டி ஓட்டி இடது காது மந்தம். மனைவி பல வருடங்களுக்கு முன்பே தெற்கே போய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாள். சண்டையெல்லாம் இல்லை, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். இங்குன் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். மீன் ஆலையில் வேலை.

வரிசையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் முன்பு எய்லர்ட் ஒரு வேலை செய்வார். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. லாரியிலிருந்து இறங்கி, கடைசிக் கார் வரைக்கும் காற்றில் நடந்து போவார். ஒவ்வொரு ஜன்னலையும் தட்டுவார். கண்ணாடியை இறக்கினால் பனி படிந்த புருவத்தோடு தலையை உள்ளே நீட்டுவார்.

"பெட்ரோல் இருக்கா? கம்பளி இருக்கா? எல்லாரும் மூத்திரம் போயிட்டு வந்தாச்சா? நடுவுல நிறுத்த மாட்டேன், யாரு கெஞ்சினாலும் சரி."

பாதிரியாரிடமும் அதே கேள்விதான். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் முகம் சுளித்தாராம். "சார், மலைக்கு உங்க பதவி தெரியாது" என்று சொல்லிவிட்டு எய்லர்ட் அடுத்த காருக்குப் போய்விட்டார். எந்தக் காரில் யார் இருக்கிறார்கள், குழந்தை உண்டா, ஓட்டுகிறவருக்குப் பயமா என்று பார்த்து வைத்துக்கொள்வார். பிறகுதான் லாரியில் ஏறுவார்.

அந்த ஜனவரிக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் அவர் ஜன்னலைத் தட்டுவதை நிறுத்தினார். கார்களின் ஓரமாக நடந்து போவார், உள்ளே ஒரு பார்வை, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அப்புறம் கடைக்கு வருவது நின்றது. இங்குன் சமைத்துக் கொண்டுபோய் வைத்தது அப்படியே காய்ந்து கிடந்தது. காரணம் என்னவென்று எல்லாரும் தேடினார்கள். கடனா, காதலா, நோயா? ஒன்றும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் காரணம் இல்லாவிட்டால் நோயும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். காரணமே இல்லாமல்தான் அது வந்தது.

"கோட்டு போட்டுக்கோ, டாக்டர்கிட்ட போறோம்" என்று இங்குன் ஒரு நாள் வந்து நின்றாள்.

"எனக்கு என்ன வியாதி?"

"அதைக் கேக்கத்தான் போறோம்."

ஊர் மருத்துவ நிலையத்தில் அப்போது புதிதாக வந்திருந்தவர் டாக்டர் கோர்னெலியா, ஜெர்மனிக்காரர். சூரியன் மறையாத கோடையில் வந்து சேர்ந்தவர், எங்கள் இருட்டுக்காலத்தை அதுவரை பார்த்ததில்லை. பொறுமையாகக் கேட்டார். மனச்சோர்வு என்றார். மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார்.

"காலையில ஒண்ணு. எழுந்து காபி குடிக்கிறப்பவே போட்டுக்குங்க, மறக்காது. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் எய்லர்ட், இதுல விளையாடக் கூடாது. அதிகமாப் போனா வலிப்பு வரும்."

"ஒண்ணுன்னா ஒண்ணு" என்றார் எய்லர்ட். இங்குன் பக்கத்தில் இருந்து கேட்டாள். பிற்பாடு அவளை உறங்கவிடாமல் செய்தது இந்தப் பேச்சுதான். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று அவள் நம்பினாள்.

மாத்திரை வேலை செய்தது. நவம்பரில் மறுபடியும் ஜன்னல் தட்டும் சத்தம் கேட்டது. "இந்தக் கார் இன்னும் ஓடுதா? இதுக்கு நான் முன்னாடி போறதா, பின்னாடி வந்து தள்ளறதா?" என்று அம்மாவைக் கிண்டல் செய்தார். அம்மா வீட்டுக்கு வந்து அதை இரண்டு முறை சொல்லிச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வடமேற்கிலிருந்து புயல் வந்தது. வந்தது நகரவே இல்லை.

அடிவாரத்தில், தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில், லாரிக்காரர்களுக்கு ஒரு குடில் இருக்கிறது. இரண்டு அடுக்குக் கட்டில், ஒரு அடுப்பு, ரேடியோ, எப்போதும் சூடாக இருக்கும் காபிக் கெண்டி. புயல் நாட்களில் வீட்டுக்குப் போக நேரமில்லை. ஒருவர் மலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மற்றவர் இங்கே படுப்பார். கொஞ்சம் கண்ணயர்ந்ததும் ரேடியோ எழுப்பிவிடும். போய்விட்டு வந்து மறுபடி படுக்கை. டிசம்பரில் எங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், புயலில் அதுவும் கிடையாது. எழுந்து பார்த்தால் எப்போதும் ஒரே இருட்டு.

அதனால் அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எப்போது கட்டிலிலிருந்து எழுந்தாலும் மற்றவர் "காலை வணக்கம்" என்பார். சாயங்காலமாக இருக்கலாம், நடுநிசியாக இருக்கலாம். எழுந்தால் அது காலை. காபி, ரொட்டி, பழுப்புச் சீஸ். வேடிக்கைக்கு ஆரம்பித்தது, யாரும் யோசிக்காமல் சொல்கிற பேச்சாகிவிட்டது.

அந்த வாரம் எய்லர்டோடு ஒத்வார் இருந்தார். பத்து வருடம் இளையவர், வாய் ஓயாதவர்.

"காலை வணக்கம் கிழவா. கனவுல யாரு வந்தா?"

"நீதான் வந்தே. அதான் எழுந்துட்டேன்."

எய்லர்ட் காபியை ஊற்றுவார். அடுப்புக்கு மேலே பலகையில், காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், மாத்திரை டப்பா. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் காபியால் விழுங்குவார். ஒத்வார் அதைப் பார்த்தார். இருட்டுக்காலத்தில் எல்லாரும் போட்டுக்கொள்ளும் மீன் எண்ணெய் மாத்திரை என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. எங்கள் ஊரில் அடுத்தவர் வாயில் போடுவதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த மாத்திரைக்கு இன்னொரு குணம் உண்டு, தூக்கத்தைக் கெடுக்கும். ஒன்று அதிகமானால் தூக்கம் துண்டு துண்டாகும். துண்டான ஒவ்வொரு தூக்கத்தின் முடிவிலும் அவருக்கு ஒரு காலை. ஒவ்வொரு காலைக்கும் ஒரு மாத்திரை. இது பின்னால் தெரிந்தது. அப்போது ஒத்வாருக்குத் தெரிந்ததெல்லாம் கிழவர் படபடவென்று இருக்கிறார், சாப்பிடுவதில்லை, வாய் உலர்ந்து உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறார் என்பதுதான்.

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"காபி அதிகம்."

"கொஞ்சம் நல்லா படு. இந்த நடை நான் போறேன்."

"படுத்தா எங்க தூக்கம் வருது? காதுக்குள்ள யாரோ விசில் அடிக்கிறான்."

புயல் சற்றுத் தணிந்த ஒரு நண்பகலில் வரிசை கூட்டினார்கள். நாட்கணக்கில் ஊருக்குள் அடைபட்டிருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நானும் அம்மாவும் இருந்தோம். எய்லர்ட் ஜன்னலைத் தட்டினார். கதவைப் பிடித்திருந்த அவர் கை கண்ணாடியைக் கிடுகிடுக்க வைத்தது.

"மூத்திரம் போயாச்சா?"

"ஆச்சு" என்றாள் அம்மா.

"கண்ணாடி துடைக்கிற தண்ணி ரொப்பிக்கிட்டீங்களா?"

"ரொப்பியாச்சு."

"மூத்திரம் போயாச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவர் குனிந்து ஒரு கைப்பிடி பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு அடுத்த காருக்கு நடந்தார்.

கடைசிக் கார் வரை போய்த் திரும்பி, பிளாஸ்க் எடுக்கக் குடிலுக்குள் போனார். லாரி உறுமிக்கொண்டு நின்றது. மஞ்சள் விளக்கு சுழன்றது. அவர் வரவில்லை. குடிலின் கதவு படாரென்று திறந்து, ஒத்வார் கோட்டு இல்லாமல் ஓடிவந்து, வரிசையைப் பார்த்துக் கத்தினார். எங்களுக்கு முன்னால் இரண்டாவது காரிலிருந்து ரன்வெய்க் இறங்கி ஓடினாள். முதியோர் இல்லத்தில் நர்ஸ். அம்மாவும் ஓடினாள், நானும் ஓடினேன்.

எய்லர்ட் தரையில் கிடந்தார். அவ்வளவு பெரிய உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. குதிகால்கள் பலகையில் அடித்துக்கொண்டே இருந்தன. கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவற்றில் அவர் இல்லை. ஒத்வார் ஒரு மரக்கரண்டியோடு அவர் வாயருகே குனிந்தார்.

"வாயில எதையும் வைக்காதீங்க!" என்று ரன்வெய்க் கத்தினாள். "பிடிச்சு அமுக்காதீங்க. பெஞ்சைத் தள்ளுங்க. தலைக்கு அடியில ஏதாவது மெத்துனு கொடுங்க."

அம்மா தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். இழுப்பு நின்றதும் ரன்வெய்க் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. கண் திறந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தார். ஊர் ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் இன்னொரு முறை இழுத்தது.

மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம். எய்லர்டின் லாரியில் ஒத்வார் ஏறினார். அதன் பின்னால் ஆம்புலன்ஸ், அதன் பின்னால் நாங்கள். உச்சிக்குப் போனதும் காற்று எங்கள் காரை உலுக்கியது. "இழுப்பு கொஞ்சம் தள்ளி வந்திருந்தா இங்க நடந்திருக்கும்" என்றாள் அம்மா.

மருத்துவமனையில் ஊசி போட்டு இழுப்பை அடக்கினார்கள். மெதுவாகக் கரைகிற மருந்து என்பதால் மறுநாளும் இதயத்தைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு இங்குனை வெளியே அழைத்துச் சொன்னார்கள். மருந்து மிக அதிகமாக உள்ளே போயிருக்கிறது.

அவரிடம் கேட்டபோது, "ஞாபகம் இல்ல" என்றார். உண்மையிலேயே இல்லை. புயல் தொடங்கிய நாளுக்குப் பிறகு அவர் தலையில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. கேட்டவர்கள் அதை உண்மையைச் சொல்ல விரும்பாத மனிதனின் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் வீடு திரும்பினார். இங்குன் தன் வீட்டைப் பூட்டிவிட்டு அவரோடு வந்து தங்கினாள். வீட்டிலிருந்த மாத்திரை எல்லாவற்றையும், தலைவலி மாத்திரை உட்பட, எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துவிட்டாள். ஊர்க்காரர்கள் கேக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்தில் அவர் வீட்டுக் குளிர்பெட்டி நிறைந்தது. எல்லாரும் மெதுவான குரலில் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ஒத்வார் வந்து வேட்டைத் துப்பாக்கியை இரவல் கேட்டார்.

"ஜனவரியில என்னத்தடா சுடப் போறே?"

"சும்மா... துடைச்சு வைக்கலாம்னு."

"என் துப்பாக்கியையா?"

ஒத்வார் தரையைப் பார்த்தார். எய்லர்ட் துப்பாக்கி அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அன்றுதான் ஊர் என்ன நினைக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

புரிந்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அந்தப் பயத்தை அவரே என்னிடம் சொன்னதால் எழுதுகிறேன். இலையுதிர்காலத்தில் சில நாட்கள் அவர் சாவைப் பற்றி நினைத்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. அந்த நினைப்பு புயலில் திரும்பி வந்து, அவருக்கே தெரியாமல் அவர் கையை டப்பாவுக்குக் கொண்டுபோயிருக்குமா? அதிகமானால் வலிப்பு வரும் என்று தெரிந்தும், அத்தனை கார்களைப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, குழந்தைகளும் கிழவர்களும் உட்கார்ந்திருக்க, லாரியில் ஏறவா போனார்? லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வலிப்பு வந்தவர் லாரி ஓட்டக் கூடாது, அது சட்டம். அதுகூட அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. தான் எப்படிப்பட்ட மனிதன் என்று தெரிந்தாக வேண்டும். ஞாபகமோ வெள்ளையாகக் கிடந்தது.

ஒரு நாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் காருங்களைப் பார்த்தேனா?"

"பார்த்தீங்க" என்றாள் அம்மா. "எல்லாக் காரையும்."

"என்ன கேட்டேன்?"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மூத்திரம் போயாச்சான்னு கேட்டீங்க. ரெண்டு தடவை."

"சாகப் போறவன் அதைக் கேப்பானா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "கேட்டாலும் கேப்பான். பழக்கம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

இங்குனும் அவரிடம் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில், மூன்று வாரம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அவரும் பேசவில்லை. இல்லை என்று உறுதியாகச் சொல்ல அவரால் முடியவில்லை, ஆமாம் என்று மகளிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி முடியும்போது மறுபடி புயல் வந்தது. மீன் ஆலையை மூடினார்கள், இங்குன் வீட்டிலேயே இருந்தாள். கூரையில் காற்று ஊளையிட்டது. எய்லர்ட் ரேடியோவைப் போட்டுவிட்டு சோபாவில் சாய்ந்து, ஒத்வாரும் தன் இடத்துக்கு வந்த புது ஆளும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணயர்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். சமையலறைக்குப் போய்க் காபி ஊற்றினார். அவர் கை மேலே போய், பலகையில் காபி டப்பாவுக்குப் பக்கத்தில் காலியான இடத்தைத் துழாவியது. பிறகு இறங்கியது. சர்க்கரை தேடுகிறார் என்று இங்குன் நினைத்தாள். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுபடி சோபா. மறுபடி ரேடியோ, தூக்கம். மறுபடி எழுந்தார், காபி ஊற்றினார், கை மேலே போனது. விரல்கள் பலகையின் அதே இடத்தில் தட்டித் தட்டித் தேடின.

"அப்பா. என்ன தேடற?"

அவர் கையைப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பது போல.

"காலை மாத்திரை."

"சாயங்காலம் ஆச்சுப்பா. விளக்கெல்லாம் போட்டு எவ்வளவு நேரமாச்சு."

"இப்பதானே எழுந்தேன்."

சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார். ரேடியோவில் ஒத்வாரின் குரல் கேட்டது, யாரையோ எழுப்பிக்கொண்டிருந்தார். "காலை வணக்கம் தம்பி, கிளம்பு கிளம்பு." கடிகாரத்தைப் பார்த்தால் இரவுச் சாப்பாட்டு நேரம்.

"குடில்ல எழுந்தப்பல்லாம் இப்படித்தான் போட்டியா?" என்றாள் இங்குன். "ஒவ்வொரு தடவை எழுந்தப்பவும்?"

எய்லர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த காபி மேசையில் சிந்தியது.

"அவங்க காலையிலன்னு சொன்னாங்க. நான் காலையிலதான் போட்டேன்."

அவ்வளவு நாளும் கேட்காததை இங்குன் அப்போதுதான் கேட்டாள். எதிரில் உட்கார்ந்து, நேராகக் கேட்டாள்.

"அப்பா, நீ சாகணும்னு நெனச்சியா?"

"இலையுதிர்காலத்துல நெனச்சேன். சில நாள். பொய் சொல்ல மாட்டேன்." கோப்பையை மேசையில் வைத்தார். "அன்னைக்கு இல்ல. அன்னைக்கு எனக்குப் பின்னாடி ஆளுங்க இருந்தாங்க."

இங்குன் எழுந்து போய் அவர் மொட்டைத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. அவர் அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

புயல் நின்றதும் ஒத்வாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"ஆமா. நான் காலை வணக்கம்னு சொல்லுவேன், நீ காபி ஊத்துவே, ஒண்ணு போட்டுப்பே. எல்லாத் தடவையும். மீன் எண்ணெய்னு நெனச்சேன்டா கிழவா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா, உன் வேலையப் பாருன்னு சொல்லியிருப்பேன்."

"அது சரி."

"துப்பாக்கி?"

"துடைச்சு வெச்சிருக்கேன். பளபளன்னு."

"இன்னும் கொஞ்ச நாள் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் எய்லர்ட். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் கோர்னெலியாவிடம் மூவரும் போனார்கள். அவர் முழுக்கக் கேட்டார்.

"புயல் நாள்ல உங்களுக்கு எத்தனை காலை, எய்லர்ட்?"

"எத்தனை தடவை எழுப்பறாங்களோ, அத்தனை."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை அழுத்திக்கொண்டார். "எங்க ஊர்ல ஒரு நாளைக்கு ஒரு காலைதான். எப்ப தூங்கறீங்கன்னு உங்ககிட்ட நான் கேக்கவே இல்ல." நகரத்து மருத்துவமனைக்கு அவரே விவரமாக எழுதினார். மருந்தை மாற்றினார். மருந்தே வேண்டாம் என்று எய்லர்ட் கேட்டுப் பார்த்தார். டாக்டர் சம்மதிக்கவில்லை, இங்குனும் சம்மதிக்கவில்லை. நோய் இன்னும் இருந்தது. மாத்திரையைத் தப்பாகப் போட்டதால் நோய் பொய்யாகிவிடாது. இதையும் நான் அழுத்திச் சொல்கிறேன்.

லாரி திரும்பக் கிடைக்கவில்லை. வலிப்புக்குக் காரணம் மருந்துதான் என்று எழுதிக் கொடுத்தும், பெரிய வண்டி ஓட்ட நீண்ட காலம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் அவருக்கு ஓய்வு வயது வந்துவிடும். அவர் சண்டை போடவில்லை. "நான் ஓட்டினா, அந்த லாரிக்குப் பின்னாடி நானே வர மாட்டேன், இப்போதைக்கு" என்றார்.

இப்போது மறுபடியும் டிசம்பர். எய்லர்டுக்குத் தடுப்புக் கட்டையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். கட்டையை ஏற்றுவது, இறக்குவது, ரேடியோ. லாரியில் ஒத்வார். வரிசை கூடினால் எய்லர்ட் கைவிளக்கோடு கடைசிக் கார் வரைக்கும் நடக்கிறார், ஜன்னலைத் தட்டுகிறார், எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார். எல்லாரையும் பார்த்த பிறகு ஒத்வாருக்கு விளக்கை ஆட்டுகிறார். மஞ்சள் விளக்கு மேலே ஏறிப் பனிக்குள் மறையும் வரை அங்கேயே நிற்கிறார்.

போன வாரப் புயலில் நான் குடிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டிலிலிருந்து புது ஆள் எழுந்து வந்தான்.

"எழுந்தாச்சா?" என்றார் ஒத்வார். காலை வணக்கம் என்று சொல்லவில்லை. அங்கே இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. எய்லர்டும் எழுந்து காபி ஊற்றினார். பலகைப் பக்கம் பார்க்கவில்லை. மாத்திரை டப்பா அவர் சட்டைப் பையில், பொத்தான் போட்டு இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கடிகாரத்தில் நிஜமாகவே காலையானபோது, அவர் கைபேசி ஒலித்தது. ஒத்வார் ரேடியோவைத் தணித்தார். புது ஆள் ரொட்டி மெல்வதை நிறுத்தினான். வெளியே இருட்டு எப்போதும் போல இருந்தது.

"அப்பா" என்றாள் இங்குன். பின்னால் மீன் ஆலையின் இரைச்சல் கேட்டது. "காலை வணக்கம்."

"காலை வணக்கம்" என்றார் எய்லர்ட். பொத்தானைக் கழற்றினார், ஒன்றை எடுத்து ஆறிய காபியால் விழுங்கினார், பொத்தானைப் போட்டார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. நாளைக்கும் சொல்லு."